உருளைக்கிழங்கு வெந்திருந்த வெள்ளிக்கிழமை

இல்மோ ராசிலா வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் கதவில் உள்ள சிறு கண்ணாடித் துளை வழியாகப் படிக்கட்டைப் பார்ப்பார். அங்கே யாராவது நின்றால் தொப்பி, கோட்டு, கையுறை சகிதம் கதவுக்கு உள்பக்கமே வேர்த்து வழியக் காத்திருப்பார். நின்றவர் இறங்கிப் போய், கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவார். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு இது அழகா என்று கேட்கக் கூடாது. எதிர்வீட்டில் இருக்கும் நானும் அதையேதான் செய்கிறேன். பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருவரும் துளை வழியாக ஒருவரை ஒருவர் பார்த்து, ஒதுங்கி, மிக நல்ல அண்டைவீட்டாராக வாழ்ந்து வருகிறோம். ஃபின்லாந்தில் இதற்கு மரியாதை என்று பெயர்.

அவருடைய கதை எனக்குத் தெரிந்தது அவர் மனைவி ஹெல்மி மூலமாக. ஹெல்மி ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறார். தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குக் கரண்டியால் பதில் சொல்லிச் சொல்லி வாய் திறந்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் பொதுச் சலவை அறை இருக்கிறது. என் துணியும் அவர் துணியும் சுற்றிக்கொண்டிருந்த சில சனிக்கிழமைகளில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே தைத்திருக்கிறேன். தையல் பிசகியிருந்தால் பழி என்மேல்.

ராசிலா போலீசில் சேர்ந்து இருபத்தாறு வருடம். அதில் ஒருமுறைகூட குரலை உயர்த்தியதில்லை என்பார்கள். திருடனைப் பிடித்தாலும் அவன் காபி குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் கைவிலங்கை எடுப்பாராம். இப்படிப்பட்ட ஆளைத் தெருவில் வைத்து என்ன செய்வது என்று யோசித்துக் கடைசியில் கம்ப்யூட்டர் குற்றப் பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கேதான் அந்த ஃபோன் இருந்தது.

அந்த ஃபோனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய குற்றவியல் சட்டமெல்லாம், திருடனும் பறிகொடுத்தவனும் ஒரே மழையில் நனைகிறவர்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. இப்போது அப்படியில்லை. திருடன் ஒரு நாட்டில் நாற்காலியில் சாய்ந்திருப்பான். அவன் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் எந்திரம் இன்னொரு நாட்டில் ஏதோ ஒரு கொட்டகையில் இரைந்துகொண்டிருக்கும். மூன்றாவது நாட்டில் ஒருவருடைய வாழ்க்கை நாசமாகியிருக்கும். அந்த மூன்றாவது நாட்டுப் போலீஸ்காரர் தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து எல்லைக்கோட்டில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு அடி வைத்தால் குற்றவாளி அவர்தான்.

முறைப்படி கேட்கலாம். அவர் தன் நீதிமன்றத்துக்கு எழுத, அது அமைச்சகத்துக்கு எழுத, அந்த அமைச்சகம் எங்கள் அமைச்சகத்துக்கு எழுத, நடுவில் மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் வர, முத்திரை சாய்ந்திருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் போய் வர, ஒன்பது மாதம் ஆகும். எந்திரத்தின் ஞாபகமோ ஒரு வாரம்கூட நிற்காது. வாடகை முடிந்தால் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குத் தயாராகிவிடும்.

சட்டம் படித்தவர்கள் பல வருடம் கூடிப் பேசி இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்களும் எப்போதாவது நல்ல காரியம் செய்வார்கள். கடுதாசி அதன் நடையில் வரட்டும். அதற்கு முன்னால் ஒரு ஃபோன் போதும். "அதை அழிக்க விடாதே, அப்படியே நிறுத்தி வை." திறந்து பார்க்க வேண்டாம், எடுத்துக் கொடுக்க வேண்டாம், நிறுத்தி வைத்தால் போதும். அதற்காக, ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒவ்வொரு நாடும் இருபத்துநாலு மணி நேரமும், வாரத்தில் ஏழு நாளும் எடுக்கப்படும் ஒரு ஃபோனை வைத்திருக்க வேண்டும். ஏழு நாள் என்று எழுதிய புண்ணியவான்கள் எங்கள் நடுக்கோடைப் பண்டிகையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

2012-இல் அந்தப் பண்டிகைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது. எங்களுக்கு எப்போதும் வெள்ளிக்கிழமைதான். தலைநகரம் காலி. ட்ராம் ஓட்டுநர் இருக்கிறார், ஏற ஆளில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஏரிக்கரையில், வாசலின் இருபுறமும் வெட்டி நட்ட பிர்ச் மரக் கிளைகளுக்கு நடுவே, கொசுவை அடித்துக்கொண்டு மௌனமாக மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஃபோன் யாரிடம் இருப்பது என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது எல்லாரும் சன்னலைப் பார்த்தார்கள். ராசிலா எடுத்துக்கொண்டார். மறுத்தால் வேறு ஒருவருக்குத் தொந்தரவு.

ஏரிக்கரைக் குடிசைக்கு அதை உறைபெட்டியில் மீன் வைக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார், தண்ணீர் படாமலிருக்க. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு அது பைக்குள்ளிருந்தே அடித்தது.

பேசியவர் போர்ச்சுகலில் அரசு வழக்கறிஞர், பெயர் லியோனோர் கின்டெலா. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆளுக்குப் பாதி ஆங்கிலம். அவர் சொன்ன விஷயம் இது: வடக்கே ஒரு சிறு ஊரில் அபீலியோ சர்மென்டு என்று ஒரு வேதியியல் வாத்தியார். வயது ஐம்பத்து நாலு, தனிக்கட்டை. அவருடைய மின்னஞ்சலிலிருந்து முப்பத்தேழு பெற்றோருக்கு, அவரவர் பெண்பிள்ளையைப் பற்றி வாயில் சொல்ல முடியாத கடிதங்கள் போயிருக்கின்றன. தான் எழுதவில்லை என்கிறார் வாத்தியார். ஊர் அவர் வீட்டுச் சன்னலை உடைத்தாயிற்று. ஆனால் கடிதங்களின் தடத்தைப் பின்தொடர்ந்தால் அவை ஃபின்லாந்தில் ஒரு வாடகை எந்திரம் வழியாக வந்தவை போலத் தெரிகிறது. அந்த எந்திரத்தின் பதிவுகளை நிறுத்தி வைத்தால், உண்மையில் யார் உட்கார்ந்து எழுதினார் என்று தெரிந்துவிடும்.

"நாளைக்கு எங்க பக்கமும் திருவிழாதான். ஆனா நான் ஆபீஸ்லதான் இருப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்க எப்ப வேணா கூப்பிடலாம்," என்றார் அந்த அம்மா.

எங்கள் ஊரில் அமைச்சரையே 'நீ' என்று கூப்பிடுவோம். ஐயா என்ற வார்த்தையைக் கேட்டதும் ராசிலாவுக்குக் காது சூடேறிவிட்டது. கவனிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

உடனே மடிக்கணினியைத் திறந்து அந்த அம்மா கொடுத்த எந்திர எண்ணைத் தட்டிப் பார்த்தார். அந்த எந்திரம் உயிரோடு இருந்தது. கூப்பிட்டால் பதில் சொன்னது. குறிப்பேட்டை எடுத்து எழுதினார்: "22.6. மணி 14.25. எந்திரம் பதில் சொல்கிறது." அது யாருடையது என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான். மூடிப்போன ஒரு பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தை வாங்கி, பால் குளிரூட்டிய அறைகளில் எந்திரங்களை அடுக்கி, உலகத்துக்கே வாடகைக்கு விடும் தர்மோ பிஹ்லயா. முன்பு ஒரு வழக்கில் இருவரும் சேர்ந்து நாலு மணி நேரம் காபி குடித்திருக்கிறார்கள். ஏழெட்டு வாக்கியம்கூடப் பேசிக்கொண்டார்கள். எண் ஃபோனிலேயே இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தி, "தர்மோ, அந்த எந்திரத்தை நிறுத்தி வை, உத்தரவு பின்னாலேயே வருது" என்று சொன்னால் முடிந்தது. உத்தரவு போடும் அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது.

விரல் பொத்தான் வரை போனது. அழுத்தவில்லை.

நான் இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எழுதினால் இந்த இடத்தில் விளக்கமே தேவையில்லை; எல்லாரும் தலையாட்டுவார்கள். பண்டிகைக்கு முந்தின மதியம், ஒரு மனிதன் குடும்பத்தோடு தண்ணீர்க்கரையில் இருக்கும்போது, வேலை விஷயமாகக் கூப்பிடுவதா? பூட்ஸ் காலோடு அவன் சவுனாவுக்குள், அதாவது ஆவிக்குளியல் அறைக்குள், நுழைந்து மேல்பலகையில் உட்கார்வதற்குச் சமம் அது. வீட்டில் புகுந்து திருடியவனைக்கூட அவன் ஒருநாள் மன்னிப்பான்.

தோட்டத்து மேசையிலிருந்து ஹெல்மி குரல் கொடுத்தார். புது உருளைக்கிழங்கு வெந்துவிட்டது. வெண்ணெய் வைத்தாயிற்று, ஊறவைத்த மீனும் தயார்.

"ஃபோன்ல யாரு?"

"போர்ச்சுகல்."

"அவசரமா?"

ராசிலா சிறிது யோசித்தார். "திங்கட்கிழமை போதும்," என்றார். குறிப்பேட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி ஆகி ஒரு நிமிடத்தில் தர்மோவைக் கூப்பிட்டார். எட்டுக்குக் கூப்பிட்டால் அவசரப்படுத்துவதுபோல் இருக்கும் என்று அந்த ஒரு நிமிடம்.

தர்மோ பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுவா? சனிக்கிழமை காலைல ஒன்பதே காலுக்கு வாடகைய நிறுத்திட்டான். நிறுத்தினா அதுவே தொடச்சுக்கும். இப்ப அதுல ஒரு ஜெர்மன்காரன் நாய்ப் படம் போட்டு வச்சிருக்கான்."

"எதுவும் மிச்சமில்லயா?"

"தொடச்சா தொடச்சதுதான். எப்ப வந்துச்சு உனக்குத் தகவல்?"

"வெள்ளிக்கிழமை. மத்தியானம்."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாமே."

"பண்டிகை. தொந்தரவு பண்ண வேணாம்னு."

பிறகு தர்மோ சொன்னதை ராசிலா மனைவியிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னாராம், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வெள்ளிக்கிழமை பூரா நான் இங்கதான் இருந்தேன், எந்திர ரூம்ல. என் மாமியார் வந்திருந்தா. யாராவது கூப்பிட மாட்டானான்னு ஃபோனையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன்."

ராசிலா போர்ச்சுகலுக்குப் பதில் எழுதினார். எங்கள் நாட்டு அலுவலகப் பதில்கள் சிறியவை. அது இன்னும் சிறியது. "தங்கள் கோரிக்கை முதல் வேலைநாளில் செயல்படுத்தப்பட்டது. அவ்வேளையில் கோரப்பட்ட தகவல்கள் கிடைக்கக்கூடிய நிலையில் இல்லை." நூலால் அளந்தாலும் பொய் என்று ஒரு எழுத்தைக் காட்ட முடியாது. மேலதிகாரி மார்கெத்தா படித்துப் பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்து போட்டார். கோப்பு மூடப்பட்டது. ராசிலா குறிப்பேட்டை மேசையின் அடி இழுப்பறையில், பழைய கையுறைகளுக்குக் கீழே வைத்தார். சான்றுகளை அங்கே வைக்கும் வழக்கம் எங்கள் போலீசில் கிடையாது.

அதற்குப் பிறகு அவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் துளை வழியாகப் பார்த்த எனக்கு எதுவும் தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்கு இழவு விழுந்தாலும் லாட்டரி விழுந்தாலும் முகம் ஒன்றுதான். ஹெல்மிக்குத் தெரிந்தது. ஆகஸ்டில் புதுக் கிழங்கு வைத்தபோது, வயிறு சரியில்லை என்று ரொட்டி தின்றார். செப்டம்பரிலும் வயிறு சரியில்லை. சாதாரணமாக மூன்று தட்டு சாப்பிடுகிற மனிதர்.

அடுத்த வருடம் மார்ச்சில் அந்த ஃபோன் மறுபடியும் அடித்தது. அதே அம்மா. இந்த முறை எதையும் நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. வாத்தியார் மேல் வழக்கு பதிவாகிவிட்டது என்றார். பள்ளிக்கூடம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. தாயாரோடு போய் இருக்கிறார். தாயாரும் கடைக்குப் போவதில்லை. வெளிநாட்டு எந்திரம் என்று அவர் சொல்வது கட்டுக்கதை என்று பெற்றோர்களின் வக்கீல் வாதாடுகிறார். அதற்கு ஆதாரமாக அந்த வக்கீல் காட்டுவது ராசிலா எழுதிய கடிதத்தை. ஃபின்லாந்து போலீஸ் மாதிரி ஒழுங்கான போலீஸ் தேடிப் பார்த்து இல்லை என்று எழுதிவிட்டதே, பிறகென்ன?

"அதனாலதான் கேக்கறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. கிடைக்கக்கூடிய நிலையில இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இருந்து போச்சா, இல்ல இருக்கவே இல்லையா?"

கேள்வி அவ்வளவுதான். பதிலும் ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த கேள்வி 'எப்போது போச்சு', அதற்கடுத்தது 'அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்'. ராசிலாவுக்கு அந்த மூன்றாவது கேள்வி வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது.

"எழுதினபடிதான்," என்றார்.

அந்த அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டார். நன்றி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம், வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே, எங்கள் கட்டடத்துச் சவுனாவில் அவர்களுடைய முறை வந்தது. கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவி எழும்பி, இருவர் முகமும் தெரியாமல் போன பிறகு ராசிலா சொல்ல ஆரம்பித்தார். எங்கள் நாட்டில் பெரும்பாலான வாக்குமூலங்கள் இப்படித்தான் பதிவாகின்றன. எழுதிக்கொள்ளத்தான் வழியில்லை, காகிதம் நனைந்துவிடும். எந்திரம் உயிரோடு இருந்தது, குறிப்பேட்டில் எழுதியது, விரல் பொத்தானுக்குப் போய்த் திரும்பியது, தர்மோவின் மாமியார், அந்த இரண்டு வரிக் கடிதம், கடைசியாக அன்று காலை வந்த கேள்வி.

ஹெல்மி இன்னொரு கரண்டித் தண்ணீர் ஊற்றினார்.

"அன்னிக்கு அவசரமான்னு நான் கேட்டேன்."

"கேட்ட."

"திங்கட்கிழமை போதும்னு சொன்ன."

"சொன்னேன்."

"அப்ப தர்மோவைத் தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்த. சரி, முட்டாள்தனம், ஆனா நம்ம ஊரு முட்டாள்தனம், நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். இன்னிக்குக் காலைல யாரத் தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்த?"

ராசிலா மேல்பலகையிலிருந்து கீழ்ப்பலகைக்கு இறங்கி உட்கார்ந்தார்.

"எங்க ஸ்கூல்ல ஒரு வாத்தியார் மேல இப்படி ஒரு பேச்சு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பொய்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் பிள்ளைங்க அவர் தட்டுக்குப் பக்கத்துல உக்கார மாட்டாங்க. நான் பார்த்திருக்கேன். தனியா ஒரு மேசை. சூப் ஆறிப்போகும்." ஹெல்மி எழுந்தார். "சூடு போதும். நான் போறேன். நீ இருந்து வேர்த்துட்டு வா."

அடுத்த நாள் ராசிலா மார்கெத்தாவின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தும் வெளியே ஐந்து நிமிடம் நின்றார் என்பது அலுவலகத்தில் பிற்பாடு பரவிய செய்தி. நடந்ததைச் சொன்னார். மார்கெத்தா கெட்டவர் அல்ல. ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தவர். இந்த நாட்டின் ஃபோன் ஏழு நாளும் எடுக்கப்படும் என்று உலகத்துக்குக் கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கிறோம், எடுக்கவும் எடுத்தோம், எடுத்த பிறகு உருளைக்கிழங்கு சாப்பிடப் போய்விட்டோம் என்று எழுதிக் கொடுப்பதா என்று கேட்டார்.

"கடிதத்துல தப்பு எதுவும் இல்ல, இல்மோ. யாரும் நம்மளக் கேக்கவும் இல்ல."

"கேட்டாங்க. நான்தான் பதில் சொல்லல."

மார்கெத்தா சன்னலைப் பார்த்தார். சன்னல் எங்கள் அலுவலகங்களில் மிக முக்கியமான தளவாடம். பிறகு, எழுதுவதானால் உன் பெயரில் எழுது, அலுவலகத்தின் பெயரில் வேண்டாம், நான் தடுக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை என்றார். எங்களிடையே இது வீரம் என்றே கணக்கில் வரும்.

ராசிலா ஒரு பக்கம் எழுதினார். வாழ்நாளில் எழுதியவற்றில் அதுதான் நீளமானது. எந்திரம் இருந்தது. வெள்ளிக்கிழமை 14.25-க்கு நானே பார்த்தேன். அது வேறொரு பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்ட எந்திரம். சனிக்கிழமை 9.15-க்கு வாடகை நிறுத்தப்பட்டு அழிந்தது. இடைப்பட்ட நேரத்தில் நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரமும் வசதியும் இருந்தன. நான் செய்யவில்லை. அதோடு குறிப்பேட்டுப் பக்கத்தின் படத்தையும், தர்மோவின் பட்டியலில் இருந்த வரியையும் இணைத்தார். லியோனோர் அம்மாவிடமிருந்து ஒரு வரிதான் பதில் வந்தது: மே மாதம் திரை வழியாகச் சாட்சி சொல்ல முடியுமா?

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சலவை செய்த சட்டையோடு, தண்ணீர்க் குவளை வைத்த ஒரு சிறு அறையில் ராசிலா உட்கார்ந்தார். எதிரே திரையில் ஒரு போர்ச்சுகல் நீதிமன்றம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஒரு நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டு நீதிபதிக்குப் பதில் சொல்வதைச் சட்டம் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. சத்தம் ஒரு நொடி பிந்தி வந்தது. வெட்கப்படுகிறவனுக்கு அந்த ஒரு நொடி மிக நீளம்.

பெற்றோர்களின் வக்கீல் குறிப்பேட்டுப் பக்கத்தைக் கையில் பிடித்திருந்தார். மெலிந்த மனிதர், மரியாதையான குரல். மொழிபெயர்ப்பாளர் நடுவே இருந்தார். இது உண்மையில் அன்றைக்கே எழுதியதா, இல்லை இப்போது எழுதியதா என்பதுதான் அவருடைய சந்தேகம்.

"இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கறை இருக்கிறது. அது என்ன?"

"வெண்ணெய்."

மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"அரசாங்கக் குறிப்பேட்டில் வெண்ணெய் எப்படி வந்தது?"

"சாப்பாட்டு மேசையில் இருந்தது."

"மன்னிக்க வேண்டும். எந்திரம் உயிரோடு இருக்கிறது என்று எழுதிவிட்டு, யாரையும் அழைக்காமல், நீங்கள் சாப்பிடப் போனீர்களா?"

"ஆமாம்."

"ஏன்?"

ராசிலா இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தார். பண்டிகை, ஏரிக்கரை, ஒரு மனிதனுடைய அமைதி, எங்கள் ஊர் வழக்கம் என்று அரைப்பக்கம். திரையைப் பார்த்ததும் அந்த அரைப்பக்கம் காணாமல் போயிற்று; தர்மோவின் எந்திரம்போல் அவரும் துடைத்துக்கொண்டார். எஞ்சியதைச் சொன்னார்.

"உருளைக்கிழங்கு வெந்திருந்தது."

ஒரு நொடி பிந்தி நீதிமன்றம் சிரித்தது. நீதிபதியும் கைக்குட்டையை எடுத்தார். மொழிபெயர்ப்பாளர்கூடச் சிரித்தார். ராசிலாவின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது; எங்கள் தோலில் இது மறைக்க முடியாத காரியம், ஐரோப்பாவின் அந்தக் கோடி வரை தெரியும். திரையின் மூலையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே அவர் யார் என்று ராசிலாவுக்குத் தெரிந்தது. கண்ணைத் திருப்பப் பார்த்தார். திரையில் எங்கே திருப்புவது? அப்படியே தலை குனிந்தார்.

சிரிப்பு அடங்கியதும் வக்கீல் வேறு கேள்வி கேட்கவில்லை. இப்படி ஒரு காரணத்தை எவனும் இட்டுக்கட்ட மாட்டான் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

வாத்தியார் விடுதலையானார். அதற்குமேல் நல்ல செய்தி கிடையாது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றுதான் தீர்ப்பு சொன்னது. அவர் செய்யவில்லை என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி, பால் அறையில் இருந்த அந்த எந்திரம். வாடகைப் பட்டியலில் இருந்தது பொய்ப் பெயர்; எழுதியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பதினோரு பெற்றோர் பிள்ளைகளை அவர் வகுப்பிலிருந்து மாற்றிக்கொண்டார்கள். இதை லியோனோர் அம்மாவே எழுதியிருந்தார், குறை சொல்லும் தொனி இல்லாமல். குறை சொல்லியிருந்தால் ராசிலாவுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ராசிலாவின் அலுவலகமும் பாடம் படித்தது. குழு ஒன்று எட்டு மாதம் கூடிப் பேசி, கையேட்டில் ஒரு வரி சேர்த்தது: நிறுத்தி வைக்கும் கோரிக்கையை, எந்த நாளானாலும், வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே செயல்படுத்த வேண்டும். அந்த வரிக்கு ஒரு எண் இருக்கிறது. யாரும் அந்த எண்ணைச் சொல்வதில்லை. உருளைக்கிழங்கு விதி என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வரும் இளைஞர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கும்போது ராசிலா அறையில் இருந்தால் எழுந்து காபி எடுக்கப் போய்விடுவார். ஒருமுறை அப்படிப் போனபோது புதுப் பெண் ஒருத்தி, "யாரு அந்த ஆளு? இன்னும் வேலைல இருக்கானா?" என்று கேட்டிருக்கிறாள். அறை மொத்தமும் சன்னலைப் பார்த்தது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு நடுக்கோடைக்கும் ஃபோனை ராசிலாவே கேட்டு வாங்கிக்கொள்கிறார். கோரிக்கை வந்தால் தயங்குவதில்லை. சவுனாவில் இருப்பவனையும், படகில் இருப்பவனையும், ஒருமுறை தன் கல்யாணத்தில் நின்றுகொண்டிருந்தவனையும் கூப்பிட்டிருக்கிறார். எந்திரம் வைத்திருப்பவர்கள் மத்தியில் அவர் பெயர் கெட்டுவிட்டது. தர்மோ மட்டும் முதல் மணியிலேயே எடுக்கிறார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று வருடம் கழித்து, ஜூன் மாதம், எங்கள் கட்டடத்துக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. தபால்காரர் தவறி என் கதவிலுள்ள தபால் இடுக்கில் போட்டுவிட்டதால் நானும் பார்த்தேன். அட்டையில் எழுதினால் படிப்பது குற்றமாகாது. ஒரு பக்கம் ஆறும் பாலமும். மறுபக்கம் சிறிய, நேரான, கரும்பலகைக் கையெழுத்தில் ஆங்கிலம்: "அன்புள்ள இன்ஸ்பெக்டர், இந்த வருடம் உருளைக்கிழங்கு எப்படி இருக்கிறது? அபீலியோ சர்மென்டு."

அட்டையை அவர்கள் கதவில் போட்டேன். யாரும் படிக்கட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

இது கேலியா, குத்தலா, மன்னிப்பா, இல்லை வெறுமனே நலம் விசாரிப்பா என்பதில் இன்றுவரை முடிவு இல்லை. நல்ல மனசோடு எழுதியது என்கிறார் ஹெல்மி. அவர் அட்டையைச் சமையலறையில் குளிர்பெட்டிமேல் காந்தம் வைத்து ஒட்டுகிறார். ராசிலா எடுத்து இழுப்பறையில் போடுகிறார். மறுநாள் அது குளிர்பெட்டிமேல் இருக்கிறது. இதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. பதில் எழுதச் சொல்லி ஹெல்மி ஒருமுறைதான் சொன்னாராம்.

ராசிலா எழுதிவிட்டார். அதை ஹெல்மி சலவை அறையில் கோட்டுப் பையைச் சோதித்தபோது நானும் பார்த்தேன். எங்கள் ஏரியின் படம் போட்ட அட்டை. முகவரி சரியாக இருக்கிறது, தபால்தலை ஒட்டியாயிற்று. "நன்றாக இருக்கிறது. நான் சாப்பிடுவதில்லை. மன்னியுங்கள். இல்மோ ராசிலா." தேதி மட்டும் மூன்று தடவை அடித்து மாற்றப்பட்டிருந்தது, கடைசித் தேதிக்கே இப்போது இரண்டு வயது.

ஏன் இன்னும் தபாலில் போடவில்லை என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் ஹெல்மி கேட்டிருக்கிறார்.

"இப்பதான் அந்த மனுஷன் கொஞ்சம் நிம்மதியா இருப்பாரு," என்றாராம் ராசிலா. "தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்தேன்."

மறுநாள் காலை ஹெல்மி அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துளை வழியாகப் பார்த்தேன். படிக்கட்டில் மாடிவீட்டுக்காரர் நின்றிருந்தார். ஹெல்மி அவரை இடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.